வேன் செட்டு

நான் நான்காம் வகுப்பு படித்த வருஷம் ஆம்பூரில் எங்கள் பகுதியில் இரண்டு கேங்குகள் இருந்தன. ஒன்றுக்குத் தலைவர் என் மாமா, அம்மாவின் தம்பி. இன்னொன்றுக்குத் தலைவி என் அத்தை, அப்பாவின் தங்கை. இப்படி ஒரு பெருமை என் வகுப்பில் வேறு யாருக்கும் இல்லை. போலீஸ்காரர் மகள் ஒருத்தி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளே என்னிடம் பென்சில் கடன் கேட்பதென்றால் கொஞ்சம் யோசித்துத்தான் கேட்பாள்.

முதலில் உண்டானது மாமாவின் கேங்குதான். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் ஹைவே, இந்தப் பக்கம் எங்கள் தெரு. இரண்டுக்கும் நடுவே தண்டவாளத்துக்கு அடியில் குனிந்து போகிற மாதிரி ஒரு சப்வே. அதன் வாயில், எங்கள் தெருப் பக்கமாக, ஒரு சிமெண்ட் பெஞ்சு. மாமாவும் அவர் கூட்டாளிகள் ஏழு பேரும் அந்தப் பெஞ்சில்தான் இருப்பார்கள். ஊர் அவர்களுக்குச் சப்வே செட்டு என்று பெயர் வைத்திருந்தது.

அந்த செட்டு எப்படித் தோன்றியது என்பதைப் பற்றி எங்கள் பள்ளிக்கூடத்தில் பல கதைகள் உலவின. வாணியம்பாடியிலிருந்து வந்த பத்து ரவுடிகளை மாமா ஒரே ஒரு கிரிக்கெட் மட்டையால் ஓட ஓட விரட்டினார் என்பது அவற்றில் ஒன்று. அதைப் பரப்பியதில் எனக்கும் பங்கு உண்டு. நடந்தது வேறு. எட்டுப் பேரும் சேர்ந்து ஒரு பழைய பைக் வாங்கினார்கள். ஒரே பைக்கை எட்டுப் பேர் ஓட்ட வேண்டுமென்றால் மற்ற ஏழு பேர் எங்காவது காத்திருக்கத்தானே வேண்டும். காத்திருந்த இடம் அந்தப் பெஞ்சு. தினமும் ஒரே இடத்தில் ஒரு கூட்டம் காத்திருந்தால், அது எதற்காகக் காத்திருக்கிறது என்பது நாளடைவில் மறந்துவிடும். பயம் மட்டும் மிஞ்சும்.

பயத்தோடு கூட மோகமும் வந்தது. டேனரியில் தோலுக்கு அடிக்கிற நீலச் சாயத்தில் ஒரு டப்பாவை யாரோ கொண்டுவந்து, சப்வே சுவரில் ஆளுயரத்துக்கு அவர்கள் பெயரை எழுதினார்கள். அதே எழுத்து அடுத்த வாரம் எங்கள் நோட்டு அட்டைகளில் வந்துவிட்டது. மாமா காதோரம் முடியை வழித்து ஒரு கோடு போட்டுக்கொண்டார். பத்தே நாளில் ஐந்தாம் வகுப்புப் பையன்கள் அத்தனை பேர் தலையிலும் அந்தக் கோடு. நல்லா இருக்கிற எதையும் அவர்கள் "வெயிட்டு" என்பார்கள். எங்கள் கணக்கு டீச்சர்கூட ஒருநாள் ஒரு பையனின் விடையைப் பார்த்து "வெயிட்டு" என்று சொல்லிவிட்டு, உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார். காதுகுத்தானாலும் மஞ்சள் நீராட்டானாலும், வீட்டுக்காரர் கேட்டாலும் கேட்காவிட்டாலும், கூலிங்கிளாஸ் போட்ட எட்டு முகங்களோடு ஒரு ஃபிளெக்ஸ் வந்து நிற்கும். அது வரவில்லையென்றால் அந்த விசேஷத்துக்கு ஏதோ குறை என்று பேசுகிற அளவுக்கு நிலைமை முற்றியிருந்தது.

நான் அந்த செட்டின் செல்லப்பிள்ளை. பைக்கின் பெட்ரோல் டேங்கின்மேல் உட்காரும் உரிமை எனக்கு மட்டும்தான் உண்டு. அப்பா லாரி ஓட்டிக்கொண்டு வாரக்கணக்கில் வெளியூர் போய்விடுவார். அம்மா வீட்டிலேயே ஷூ கம்பெனிக்கு ஜாப் ஒர்க் செய்தாள். ஷூவின் மேல்பாகத்தைக் கையால் தைத்துக் கொடுக்கிற வேலை. ஊசியும் நூலுமாக அவள் குனிந்திருக்கும் நேரத்தில் என்னை யாராவது வெளியே அழைத்துப் போனால் அவளுக்கும் நிம்மதி.

அத்தை அப்போது எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. கல்யாணமாகிக் காட்பாடிக்குப் போனவள், ஒருநாள் ஒரே ஒரு பையோடு வந்து இறங்கினாள். லீவுக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். லீவு முடியாமலே நீண்டுகொண்டு போனதில் எனக்குச் சந்தோஷம்தான். ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் வேலைக்குச் சேர்ந்தாள். காலையில் கம்பெனி வேன் வந்து ஹைவேயில் ஏற்றிக்கொள்ளும், சாயங்காலம் ஆறு மணிக்கு அங்கேயே இறக்கிவிடும். சப்வே வழியாக நடந்து வருவாள். அவள் தலை சப்வேயில் தெரிந்ததும் பெஞ்சில் இருப்பவர்களில் ஒருவன், "ரிட்டன் பீஸு வருதுடா" என்பான். வெளிநாட்டுக்குப் போன ஷூ பிடிக்காமல் திரும்பி வந்தால் கம்பெனியில் அதை அப்படிச் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். அத்தை அந்தப் பிரிவில் வேலை செய்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஒருநாள் வீட்டில், "அத்தை, உனக்கு ரிட்டன் பீஸ்லயா வேலை?" என்று கேட்டேன். அம்மா என் தொடையில் கிள்ளிய கிள்ளு இரண்டு நாள் சிவந்திருந்தது. எதற்காகக் கிள்ளினாள் என்று மட்டும் சொல்லவில்லை.

மார்கழி தொடங்கியிருந்த சமயம். ஒரு சாயங்காலம் நான் வழக்கம்போல் டேங்கின்மேல் இருந்தேன். பைக்கை சப்வே வாயின் குறுக்கே நிறுத்தியிருந்தார்கள். யாராவது போக வேண்டுமென்றால் ஓரத்துச் சாக்கடை விளிம்பில் அடிமேல் அடி வைத்து நடக்க வேண்டும். அத்தை தனியாக வந்தாள். பைக்கைப் பார்த்தாள், விளிம்பில் கால் வைத்தாள். பெஞ்சிலிருந்த ஒருவன் கால் நீட்டினான். அவள் தடுமாறிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். கையிலிருந்த சாப்பாட்டு டப்பா சாக்கடைக்குள் போய்விட்டது.

"பாத்து போம்மா, ரிட்டன் பீஸு. மறுபடியும் டேமேஜ் ஆய்டப் போவுது" என்றான் அவன்.

எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். நானும் சிரித்தேன். எல்லோரும் சிரிக்கும்போது சிரிப்பது சுலபமாக இருந்தது, அவ்வளவுதான் காரணம். அத்தை அவர்களில் ஒருவரையும் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். கோபம் இருந்திருந்தால்கூடத் தேவலை. பிறகு டப்பாவை அப்படியே விட்டுவிட்டு நடந்து போனாள்.

அன்று இரவு மாமா சாப்பிட வந்தபோது அம்மா கேட்டாள். "முறைதானக்கா, சும்மா கலாய்ச்சோம்" என்றார் மாமா. அன்றிலிருந்து அம்மா அவருக்குச் சோறு போடும்போது இன்னும் கொஞ்சம் வேண்டுமா என்று கேட்பதை நிறுத்திவிட்டாள்.

மறுநாள் அத்தை என் பழைய டிபன் டப்பாவில் சோறு எடுத்துக்கொண்டு போனாள். ரோஸ் நிறம், மூடியில் கரடி படம், ஒரு கரண்டிச் சோற்றுக்கு மேல் கொள்ளாது. அந்தக் கரடிதான் எல்லாவற்றையும் தொடங்கிவைத்தது. மதியம் சாப்பாட்டு நேரத்தில் அவளோடு உட்கார்கிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, உன் டப்பா எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். அவள் என்ன சொன்னாளோ, அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு சப்வேயிலிருந்து அத்தையோடு சேர்த்து எட்டுப் பெண்கள் வெளியே வந்தார்கள்.

முன்னால் வந்தவர் ஆப்பா. அவர் வீட்டில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். கம்பெனியில் எல்லோருக்கும் அவர் ஆப்பா. நாற்பது வயதைத் தாண்டியவர். கறுப்பு புர்கா, கையில் ஒரு ஒயர் கூடை. ஷூவின் தோலை இழுத்து அச்சுக்கட்டையில் ஏற்றும் மெஷினில் பதினோரு வருஷமாக நிற்பவர். அவர் மணிக்கட்டு மாமாவின் மணிக்கட்டைவிடத் தடிமனாக இருந்ததை அன்றே கவனித்தேன். பைக்கின் முன்னால் நின்று, மாமாவிடம் மிகவும் சாந்தமாகச் சொன்னார்:

"தம்பி, வண்டிய எடுத்துட்டா நாங்க போய்டுவோம். எடுக்கலன்னா நாங்களே எடுத்து வெச்சிட்டுப் போறோம். ஜாஸ்தி வெயிட்டு இருக்காது."

மாமா எடுத்துவிட்டார். ஆனால் அவர்கள் போய்விடவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தார்கள். எட்டுப் பேர் நெருக்கி உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி, ஒன்பது மணி நேரம் நின்ற கால்களைப் பிடித்துவிட்டுக்கொண்டார்கள். பிறகு எழுந்து எங்கள் வீடு வரைக்கும் வந்து தண்ணீர் குடித்தார்கள். அடுத்த நாளும் வந்தார்கள். அதற்கடுத்த நாளும். ஆறு மணியானால் சப்வே செட்டு நின்றுகொண்டிருந்தது, பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். எதிர்க் கடை டீக்காரர், "இன்னாப்பா, பெஞ்சு பறிபோச்சா?" என்று கேட்டது தெரு முழுவதும் பரவியது. கேங்குக்கு அடிதடியில் தோற்பதுகூடப் பெரிய அவமானம் இல்லை. சிரிப்புக்கு ஆளாவதுதான் அவமானம்.

"வேன் செட்டு வந்துடுச்சுடா" என்று கேலியாக முதலில் சொன்னவன் கால் நீட்டிய அதே ஆள்தான். ஆப்பா அதைக் கேட்டுவிட்டு, "பேரு நல்லாருக்கே" என்றார். பெயர் நிலைத்துவிட்டது.

ஒரு சனிக்கிழமை வாய்ப்பேச்சு முற்றியது. காணும் பொங்கலன்று தெருவில் விளையாட்டுப் போட்டி நடத்துவது சப்வே செட்டின் வழக்கம். மைக் செட்டும் கயிறும் உறியடிப் பானையும் அவர்கள் ஏற்பாடுதான். "பெஞ்சு வேணும்னா போட்டியில ஜெயிச்சு எடுத்துக்குங்க" என்றார் மாமா.

"எந்தப் போட்டி?" என்றாள் அத்தை. அவள் அந்த இடத்தில் வாய் திறந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"கயிறு இழுக்கறது" என்றான் கால் நீட்டியவன். எட்டுப் பேரும் சிரித்தார்கள். "எட்டுக்கு எட்டு. தோத்தீங்கன்னா இந்த சப்வே பக்கமே வரக்கூடாது. ரயில்வே கேட்ட சுத்திக்கினுதான் வீட்டுக்குப் போகணும்."

ரயில்வே கேட்டைச் சுற்றினால் இரண்டு கிலோமீட்டர் கூடுதல். வழியில் தெருவிளக்கும் கிடையாது. அத்தை யோசித்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் ஆப்பா, "சரி" என்று சொல்லிவிட்டார். மற்ற ஆறு பேரும் தலையாட்டினார்கள். இவர்களுக்குத்தான் எத்தனை துணிச்சல் என்று நினைத்தேன். அதே சமயம் மாமா ஜெயிக்க வேண்டும் என்றும் நினைத்தேன். இரண்டையும் ஒரே நேரத்தில் நினைப்பது எனக்கு அப்போது கஷ்டமாகத் தெரியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேன் செட்டு எங்கள் வீட்டில் கூடியது. கயிறே இல்லாமல் கயிறு இழுப்பதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார்கள். குடியாத்தத்திலிருந்து வேலைக்கு வந்திருந்த ஒரு அக்கா, நெசவுக்காரர் வீட்டுப் பெண், எல்லாரிலும் இளையவள், "அவங்க கைல பலம் ஜாஸ்தி ஆப்பா" என்று கவலைப்பட்டாள்.

"கைல இன்னா இருக்கு? பிடி காலுல இருக்கு" என்றார் ஆப்பா. "மொதல்ல உறியடி நடக்கும். தண்ணி ஊத்தி ஊத்தி அந்த இடமே சேறாய்டும். அந்தச் சேத்துல எவன் கால் வழுக்கலயோ அவன் ஜெயிப்பான்."

எல்லோரும் குனிந்து தங்கள் கால்களைப் பார்த்தார்கள். தேய்ந்த ரப்பர் செருப்புகள். வெளிநாட்டுக்காரர்கள் மலையேறுவதற்காகத் தினமும் ஆயிரம் ஷூ தைக்கிறவர்கள் அவர்கள். ஒருத்தியும் ஒருநாளும் ஷூ போட்டது கிடையாது. கம்பெனியிலிருந்து ஒரு நூல் வெளியே வர முடியாது, கேட்டில் செக்கிங் உண்டு. "அப்ப நாமளே செஞ்சிக்குவோம்" என்றாள் அத்தை.

பஜாரில் தோல் துண்டுகள் எடை போட்டுக் கிடைக்கும். கரடுமுரடான பல் வைத்த சோல், ஜோடி தப்பிப்போனவை, ஒரு கடையின் மூலையில் குவிந்து கிடந்தன. அச்சுக்கட்டைகளை ஆப்பாவின் உறவினர் ஒருவர் பட்டறையிலிருந்து இரவல் வாங்கினார்கள். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் எங்கள் கூடத்தில் கால் வைக்க இடமில்லை. கட்டிங்கில் வேலை பார்ப்பவள் தோலை வெட்டினாள். அத்தை பக்கத்து வீட்டு மெஷினில் ஓரங்களை அடித்தாள். ஆப்பா தோலைக் கட்டையில் ஏற்றி இழுத்தபோது அவர் பல்லைக் கடிக்கிற சத்தம் சமையலறை வரை கேட்டது. ஒருத்தி சொல்யூஷன் பூசி சோல் ஒட்டினாள். வீடெல்லாம் அந்த நெடி. குடியாத்தத்து அக்கா பேக்கிங்கில் இருந்தவள். அவளுக்குச் செய்ய ஒன்றும் இல்லாததால் ஒவ்வொன்றுக்கும் கயிறு கோத்து அழகாக முடிச்சுப் போட்டாள்.

நடுவில் கையால் தைக்க வேண்டிய இடம் ஒன்று வந்தது. எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். மாமா அம்மாவுக்கு ஒரே தம்பி, அவரைத் தூக்கி வளர்த்தவள் அவள். கேட்பதற்கு யாருக்கும் வாய் வரவில்லை. அம்மா ஊசியை எடுத்து நூல் கோத்தாள். கம்பெனி வேலைக்கு ஒற்றைத் தையல் போடுகிறவள் அன்று இரட்டைத் தையல் போட்டாள்.

முதல் ஜோடி முடிந்தபோது அதைக் கூடத்தின் நடுவில் வைத்து எல்லோரும் சுற்றி உட்கார்ந்தார்கள். ஒரு கால் பழுப்பு, இன்னொரு கால் கடுகு நிறம், நாக்கு மட்டும் சிவப்பு. "பதினோரு வருசம் ஆச்சு" என்றார் ஆப்பா. "ஒரு ஷூ மொத்தமா எப்படி முடியுதுன்னு இன்னைக்குத்தான் பாக்கறேன்." ஆளாளுக்கு அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

மாமாவுக்கு ஏதோ வாசனை தட்டிவிட்டது. ஒருநாள் என்னை பைக்கில் ஏற்றி, ஹைவே ஓரத்துப் பிரியாணிக் கடைக்குக் கூட்டிப்போனார். என் தட்டில் லெக் பீஸ் வந்து விழுந்தது. "வீட்டுல ஞாயித்துக்கிழமையானா இன்னாடா நடக்குது?" என்று பிரியமாகக் கேட்டார். மாமாவிடம் நான் பொய் சொன்னதே இல்லை. சாக்கடை ஓரத்தில் அத்தை என்னைப் பார்த்த பார்வை ஞாபகம் வந்தது. "அம்மாவுக்கு ஜாப் ஒர்க் ஜாஸ்தி வந்திருக்குது மாமா. அவங்கல்லாம் ஹெல்ப் பண்றாங்க" என்றேன். லெக் பீஸை முழுவதும் சாப்பிட்டேன். பாதியில் வைத்திருந்தால் சந்தேகம் வந்திருக்கும்.

காணும் பொங்கலன்று உறியடி முடியப் பதினோரு மணி ஆனது. ஆப்பா சொன்னது போலவே அந்த இடம் நாற்று நடலாம் போல் இருந்தது. டீக்கடைக்காரர்தான் நடுவர், மைக்கும் அவர் கையில். "அடுத்து கயிறு இழுக்கும் போட்டி. சப்வே செட்டு, வேன் செட்டு" என்று அவர் அறிவித்ததும் விசில் பறந்தது. மாமாவும் கூட்டாளிகளும் லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வெறுங்காலோடு வந்து நின்றார்கள். எங்கள் வீட்டுக் கதவு திறந்தது. துப்பட்டாவைக் குறுக்காக இடுப்பில் இறுகக் கட்டிக்கொண்டு, பழுப்பும் கடுகும் சிவப்பும் பச்சையுமாகப் பதினாறு ஷூக்கள் படியிறங்கி வந்தன. ஆப்பா புர்காவைக் கழற்றி மடித்து அம்மா கையில் கொடுத்துவிட்டு, தலைத்துணியை முடிந்துகொண்டார்.

"இதெல்லாம் செல்லாது, ஷூ போடக்கூடாது" என்றான் கால் நீட்டியவன்.

"போடக்கூடாதுன்னு எங்கயாவது எழுதியிருக்குதா?" என்றாள் அத்தை. "நீங்களும் போட்டுக்கினு வாங்களேன்."

ஊரே ஷூ தைக்கிறது. அந்த எட்டுப் பேரில் ஏழு பேரிடம் ஷூ இல்லை. மாமாவிடம் மட்டும் கல்யாணங்களுக்குப் போடுகிற பளபளப்பான ஒரு ஜோடி இருந்தது. ஓடிப்போய்ப் போட்டுக்கொண்டு வந்தார்.

மூன்று ஆட்டம் என்று பேச்சு. முதல் ஆட்டத்தில் ஆண்கள் ஒரே மூச்சில் இழுத்துவிட்டார்கள். பெண்கள் தயாராவதற்குள் நடுவில் கட்டியிருந்த கைக்குட்டை அந்தப் பக்கம் போய்விட்டது. சிரிப்பு தெருவைத் தாண்டிக் கேட்டிருக்கும். ஆப்பா கயிற்றைக் கீழே போடாமல் திரும்பி, "கம்பெனியில ஷூவ ஜோடி ஜோடியா எண்றமே, அந்த மாதிரி. ஜோடின்னா இழு, இல்லன்னா நில்லு" என்றார்.

இரண்டாம் ஆட்டத்தில் அவர்கள் குதிகாலைச் சேற்றில் புதைத்துக்கொண்டு அசையாமல் நின்றார்கள். ஆண்கள் இழுத்து இழுத்துப் பார்த்தார்கள். "ஜோடி" என்றார் ஆப்பா. எட்டுப் பேரும் ஒன்றாக ஒரு சாண் பின்னால் வந்தார்கள். நின்றார்கள். "ஜோடி." இன்னொரு சாண். ஏழு வெறுங்கால் ஆட்களும் ஒரு கல்யாண ஷூக்காரரும் சேற்றில் சறுக்கிக்கொண்டே கோட்டைத் தாண்டி வந்ததைக் கூட்டம் நம்பாமல் பார்த்தது.

மூன்றாவது ஆட்டத்தில் சப்வே செட்டு உயிரைக் கொடுத்து இழுத்தது. மாமா ஷூவை உதறிவிட்டு, காலை ஒரு கல்லில் முட்டுக்கொடுத்து நின்றார். கைக்குட்டை கொஞ்சம் கொஞ்சமாக அவர்கள் பக்கம் போனது. குடியாத்தத்து அக்காவின் உள்ளங்கை உரிந்துவிட்டது. ஆப்பாவுக்கு மூச்சு வாங்கியது, அவர் குரல் எழும்பவில்லை. உதடு மட்டும் அசைந்தது. குரல் இல்லாமல் எட்டுப் பேரும் எட்டு விதமாக இழுக்கத் தொடங்கினார்கள்.

நான் மாமா பக்கத்துக் கூட்டத்தில், அவருக்கு எட்டுகிற தூரத்தில் நின்றிருந்தேன். அங்கேயிருந்து "ஜோடி" என்று கத்தினேன். மாமா திரும்பி என்னைப் பார்த்தார். அந்த முகத்தைப் பார்த்தும் நிறுத்த முடியவில்லை. "ஜோடி" என்று மறுபடியும் கத்தினேன். போலீஸ்காரர் மகள் என்னோடு சேர்ந்துகொண்டாள். அப்புறம் என் வகுப்புப் பெண்கள் எல்லோரும், அப்புறம் தண்ணீர்க் குடத்தோடு நின்ற பெண்கள், மாடியில் நின்றவர்கள். கடைசியாகக் கையில் புர்காவோடு அம்மா. தெருவே ஒரே சொல்லைச் சொன்னது. ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு சாண். மாமாவின் கால் கல்லிலிருந்து வழுக்கியது. முதலில் அவர் விழுந்தார், அவர்மேல் மற்ற ஏழு பேரும் விழுந்தார்கள். வேன் செட்டு அந்தக் குவியலை அப்படியே கோட்டைத் தாண்டி இழுத்துக்கொண்டு வந்தது.

அந்தச் சத்தத்தை நான் எப்படி எழுதுவது. மைக் ஊளையிட்டது. யாரோ அத்தையைத் தூக்கினார்கள். அவள் ஒரு கையால் கயிற்றை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். சேறு அப்பிய முகத்தோடு சிரித்தாள். எங்கள் வீட்டுக்கு வந்த ஒரு வருஷத்தில் அவளுக்கு இத்தனை பல் இருப்பதே எனக்குத் தெரியாது.

மாமா எழுந்து முகத்தை வழித்துக்கொண்டார். அடிக்கப் போகிறார் என்று நான் அம்மாவின் பின்னால் ஒளிந்தேன். அவர் அத்தை முன்னால் போய் நின்றார். "அன்னைக்கு நான் சிரிச்சிருக்கக் கூடாது" என்றார். அத்தை தலையை ஆட்டினாள். பரவாயில்லை என்று அவள் சொல்லவில்லை. மாமா ஆப்பா பக்கம் திரும்பி, "எனக்கு எட்டாம் நம்பர் சைஸு. ஒரு ஜோடி செஞ்சு தருவீங்களா?" என்றார்.

அடுத்த வாரம் பெஞ்சுக்கு மேலே ஒரு ஃபிளெக்ஸ் ஏறியது. கூலிங்கிளாஸ் போட்ட எட்டுப் பெண்கள். கூலிங்கிளாஸ்கள் சப்வே செட்டிடம் இரவல் வாங்கியவை. பள்ளிக்கூடத்தில் பெரிய வகுப்பு அக்காக்களின் துப்பட்டாக்கள் எல்லாம் குறுக்குக் கட்டுக்கு மாறின. காதோரக் கோடுகள் மெல்ல வளர்ந்து மறைந்தன. இப்போதும் எங்கள் பகுதியில் லாரியில் லோடு ஏற்றுகிறவர்களும், பீரோவை மாடிக்குத் தூக்குகிறவர்களும் "ஜோடி" என்று சொல்லித்தான் மூச்சுப் பிடிப்பார்கள். அது எங்கிருந்து வந்தது என்று அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. ஆறு மணிக்குப் பெஞ்சு பெண்களுக்கு என்பது எழுதப்படாத சட்டம். அத்தை இப்போது அதே கம்பெனியில் சூப்பர்வைசர். அவள் பெயரோடு ரிட்டன் பீஸு என்ற சொல்லைச் சேர்த்துச் சொல்ல அப்புறம் ஒருவனுக்கும் நாக்கு எழவில்லை.

போன வருஷம் ஆப்பாவின் மகளுக்குக் கல்யாணம். நான் வேலூரில் ஒரு கல்லூரியில் வேலை பார்க்கிறேன். லீவு போட்டுவிட்டு அத்தையோடு போனேன். ஆப்பாவின் வீட்டுக்கு நான் போவது அதுதான் முதல் தடவை. அது ஹைவேக்கு அந்தப் பக்கம் இருந்தது. வேன் நிற்கிற இடத்திலிருந்து கூப்பிடு தூரம். சப்வேக்கு நேர் எதிர்த்திசை. விருந்தில் வேன் செட்டு முழுவதும் ஒரே வரிசையில் உட்கார்ந்திருந்தது. வீடு எங்கே என்று ஒவ்வொருவரையும் கேட்டேன். ஒருவர் துத்திப்பட்டு. ஒருவர் மின்னூர். மூவருக்குப் பேர்ணாம்பட்டு ரோட்டில், வேன் போகிற வழியிலேயே வீடு. குடியாத்தத்து அக்கா கம்பெனிக்கு எதிரிலேயே ரூம் எடுத்துத் தங்கியிருந்தவள், அவள் வேனில் ஏறவே வேண்டியதில்லை.

திரும்பி வரும்போது ஆட்டோவில் அத்தையிடம் கேட்டேன். "அவங்க ஒருத்தருக்கும் நம்ம பக்கம் வீடு இல்லயே அத்தை."

"இல்ல" என்றாள்.

"அப்ப அன்னைக்கு தோத்திருந்தா?"

"நான் ஒருத்திதான் சுத்திக்கினு போயிருக்கணும்."

வெளியே பார்த்துக்கொண்டே, "நான் யாரையும் வரச் சொல்லல. ஏன் வர்றோம்னு அவங்களும் ஒருநாளும் சொல்லல" என்றாள்.

ஒன்பது மணி நேரம் நின்று வேலை செய்துவிட்டு, தங்கள் இடத்தில் இறங்காமல், அவளோடு சப்வேயில் குனிந்து நடந்து, எங்கள் வாசல் வரை வந்து, ஆளுக்கொரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு, அந்த ஏழு பேரும் அதே சப்வே வழியாகத் திரும்பிப் போயிருக்கிறார்கள். டேனரி ஊரில் பல தெருக்களில் தண்ணீர் உப்புக் கரிக்கும். எங்கள் வீட்டுத் தண்ணீர் நன்றாக இருப்பதால்தான் வருகிறார்கள் என்று நான் நினைத்தேன். பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் அப்படித்தான் சொன்னேன்.